பென்சில் சபை

அந்தச் சபைக்குப் பென்சில் சபை என்று பெயர் வைத்தது அதன் ஆட்கள் இல்லை. கீழே பெரிய சாலையில் இருந்த சபைக்காரர்கள் கேலிக்கு வைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்குவாரி மேட்டுக்கு ஏறிப் போகிறவர்கள் கக்கத்தில் வேதப்புத்தகமும் காதிடுக்கில் பென்சிலுமாகப் போவதைப் பார்த்து, ஆராதனைக்கா பரீட்சைக்கா என்று கேட்பார்கள். மேட்டுக்காரர்களுக்கு முதலில் கோபம் வந்தது. நாளெல்லாம் பாறை சுமக்கிறவன் கோபத்தையும் சேர்த்து எவ்வளவு தூரம் சுமப்பான்? ஒரு கட்டத்தில் அவர்களே "நாங்க பென்சில் சபை" என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லாம் போதகரால் வந்தது. அவர் அச்சுப் புத்தகத்தை வைத்துப் பிரசங்கம் செய்ய மாட்டார். தினமும் விடிந்ததும் சமையலறை மேசையில் எபிரெய வேதத்தை விரித்து, வரி வரியாக நோட்டில் எடுத்தெழுதி, கீழே நம் பேச்சில் பொருள் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை அதை வாசிப்பார். அச்சுப் புத்தகம் எங்கே விலகிப்போகிறதோ அங்கே நிறுத்தி, "உங்க புத்தகத்துல சாந்தமாப் போட்டிருப்பான். மூலத்துல காட்டமா இருக்கு. திருத்திக்கங்க" என்பார். நாற்பது ஐம்பது பென்சில்கள் சரசரவென்று ஓடும். இருபது வருடமாக இப்படி. மேட்டில் கறுப்புக் கோடு விழாத வேதப்புத்தகம் ஒரு வீட்டிலும் கிடையாது. கல்யாணமாகிப் போகிற மகளுக்கு அம்மா தன் புத்தகத்தின் திருத்தங்களைப் புதுப் புத்தகத்தில் ஏற்றிக் கொடுத்தனுப்புவாள்.

போதகர் மேசைநாற்காலியில் வளர்ந்தவர் இல்லை. பதினோரு வருடம் அதே குவாரியில், வெடி வைக்கப் பாறையில் துளை போடுகிற துளைக்காரராக இருந்தவர். காற்றில் ஓடுகிற துளை மிஷினைப் பிடித்துப் பிடித்து விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போயிருந்தன. அதை விட்டுச் சேர்ந்த வேதக் கல்லூரியில் அவர் கையில் பேனா நிற்கவில்லை. கூடப் படித்தவர்கள் பையன்கள். அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். பாறையில் துளை போட்ட இடத்தைப் பார்த்தால்தான் அது எப்படி உடைந்தது என்று தெரியும், உடைந்த ஜல்லியை வைத்துக்கொண்டு பாறையைப் பற்றிப் பேசக்கூடாது என்று அவர்களிடம் சொன்னாராம். நாலு வருடத்தில் சிரித்தவர்களே அவரிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள். திரும்பி வந்து, அதே மேட்டில், தகரக் கூரை போட்ட அந்தச் சபைக்குப் போதகரானார். அவர் மனைவி அதற்கு முன்பும் கிரஷரில் பெல்ட் வேலை பார்த்தாள், அதற்குப் பிறகும் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதகரம்மா. மற்ற ஆறு நாளும் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஓடுகிற பெல்ட்டில் மண்கட்டியும் வேரும் பொறுக்குகிற அக்கா.

அவளுக்குப் பயம் பிடித்தது ஒரு தட்டிலிருந்து.

ஒரு புதன்கிழமை. ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் அவரைக்கொட்டையும் போட்டு வைத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் கிழங்கு போடேன்" என்றார். தட்டில் கிழங்கு அப்படியே இருந்தது. தட்டின் நடுவில் கத்தி வைத்துக் கோடு போட்டமாதிரி வலப்பக்கம் துடைத்த சுத்தம், இடப்பக்கம் தொட்டதே இல்லை. விளையாடுகிறார் என்று நினைத்தாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. பசித்த ஆளின் முகம்தான் இருந்தது. அவள் தட்டைப் பிடித்து அரைவட்டம் திருப்பினாள்.

"போட்டியா? நல்லது" என்று கிழங்கை எடுத்துச் சாப்பிட்டார்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது பல விஷயங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. இரண்டு வாரமாக முகத்தில் இடக் கன்னம் மழிக்காமல் இருந்தது. கேட்டதற்குப் பிளேடு மொட்டை என்றார். மோட்டார் சைக்கிளில் போகும்போது இடது கைப்பிடி வெளிக்கேட்டில் இடித்து வளைந்தது. கேட்டை யார் நகர்த்தி வைத்தது என்று சண்டை போட்டார். இடது செருப்பு இல்லாமல் வாசல்வரை நடந்து போனார். தலைவலி என்று காலையில் ஈரத்துணி கட்டிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் அவள் ஒரே காரணம் சொல்லி வைத்திருந்தாள்: துக்கம்.

துக்கம் உண்மைதான். ஐந்து வாரம் முன்பு குவாரியில் பாறையின் மேல்தட்டு சரிந்து ஒரு துளைக்காரர் அடியில் போய்விட்டார். போதகரும் அவரும் ஒரே மிஷினை மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள். செய்தி கேட்டதும் போதகர் அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கி, மற்றவர்களோடு சேர்ந்து கையால் கல்லைப் புரட்டினார். குனிந்து நிமிர்ந்தபோது கல் அள்ளுகிற லோடரின் பக்கெட் விளிம்பில் தலை மோதியது. தலையில் முட்டையளவு வீங்கியது. பொருட்படுத்தவில்லை. உடலைத் தூக்கி வெளியே கொண்டுவரும் வரைக்கும் அங்கேயே நின்றார்.

அடக்கம் முடிந்து இரண்டாம் வாரத்திலிருந்து பிரசங்கம் மாறியது. அதையும் அவள் துக்கத்தின் கணக்கில்தான் எழுதி வைத்தாள். சங்கீதங்களை எடுத்து, "இத்தனை வருஷம் நானே ஏமாந்திருக்கேன்" என்று ஆரம்பித்தார். "அச்சுல ஆறுதல் ஆறுதலாப் போட்டு வெச்சிருக்கான். மூலத்துல அது கிடையாது. மொழிபெயர்த்தவன் மனசு கேக்காம சேர்த்திருக்கான். அடிங்க." பென்சில்கள் முன்போல் ஓடவில்லை, தயங்கித் தயங்கித்தான் ஓடின. ஆனாலும் ஓடின. இருபது வருடமாக அவர் சொல்லி அடிக்காமல் விட்டது ஒன்றுகூட இல்லையே.

வியாழக்கிழமை அவர் வெளியே போன நேரம் பார்த்து நோட்டைத் திறந்தாள். அந்த எழுத்து அவளுக்குத் தெரியாது. வலமிருந்து இடமாக ஓடும் என்பது தெரியும். பாட்டுப் பகுதிகளில் ஒவ்வொரு வரியும் நடுவில் சின்ன சந்து விட்டு இரண்டு துண்டாக இருக்கும் என்பதும், இருபது வருடம் எதிரே உட்கார்ந்து கிழங்கு உரித்ததில் தெரியும். பழைய பக்கங்கள் ஓரத்திலிருந்து ஓரம் வரை நிறைந்திருந்தன. பக்கம் புரட்டப் புரட்ட, இடது ஓரத்தில் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. முதலில் இரண்டு விரல் அகலம், அப்புறம் கையகலம். கடைசிப் பக்கங்களில் எபிரெயம் வலது ஓரத்தில் தொடங்கிப் பாதியில் நின்றது. அதன் கீழே நம் எழுத்தில் எழுதியது பாதியில்தான் தொடங்கி, வலது ஓரத்தில் இடமில்லாமல் நெருக்கியடித்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. இடது பாதி முழுக்க வெறும் தாள்.

அவள் நோட்டை மூடி, இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தாள். எதையோ திருடியவள் போல வெளியே வந்து நின்றாள். காற்றில் கல்தூள் பறந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பெல்ட்டில் அவளுக்கு எதிரே நின்றது செத்துப்போன துளைக்காரரின் மனைவி. காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தாள். பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. அவரவர் பக்கம் அவரவர் பொறுக்க வேண்டும். கிரஷர் சத்தத்தில் பேச முடியாது, சைகைதான். அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டு மிஷினை நிறுத்தினார்கள். இருவரும் தகரக் கொட்டகையில் ஒதுங்கினார்கள். அந்தப் பெண் ரொட்டிப் பையைத் திறந்தாள். உள்ளே ரொட்டி இல்லை, வேதப்புத்தகம் இருந்தது.

"சாப்பிடலையா?"

"இறங்கலக்கா." புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஐயாகிட்ட கேக்க பயமா இருக்கு."

"கேளு."

"இது அவரு புத்தகம். பாருங்க, இந்த வரி. நல்லவனுக்கு வர்ற கஷ்டம் கொஞ்சநஞ்சமில்லன்னு இருக்கா. அதுக்கு மறுபாதி, எல்லாத்துல இருந்தும் அவர் தூக்கிவிடுவாருன்னு இருந்திச்சு. எங்க வீட்டுக்காரரு காலையில பூட்ஸ் மாட்டறப்ப முதல் பாதியச் சொல்லவே மாட்டாரு. மறுபாதியத்தான் சொல்லுவாரு, பாட்டு மாதிரி. சொல்லிட்டுத்தான் துளைக்குப் போவாரு." பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்தாள். "ஐயா அடிக்கச் சொன்னாரு, அடிச்சுட்டேன். இது கடவுள் சொன்னதே இல்லைன்னா, அவரு யாரு பேச்சை நம்பிக்கா போனாரு?"

போதகரம்மா புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். மூன்று வாரக் கோடுகள் புதிதாகக் கறுத்துத் தெரிந்தன. அடித்தது எல்லாமே மறுபாதி. சாயங்காலம் வந்து தங்குகிற அழுகை இருந்தது, விடிந்ததும் வருகிற சந்தோஷம் அடிபட்டிருந்தது. உடம்பும் நெஞ்சும் தேய்ந்துபோவது இருந்தது, அதற்கு மேல் சொன்னது அடிபட்டிருந்தது. ஒரு வரியில்கூட முதல் பாதி அடிபடவில்லை.

ஒரு பக்கம் ஆள் இல்லாத பெல்ட் இப்படித்தான் ஓடும். இந்தப் பக்கம் நிற்கிறவள் தன் கை எட்டுகிற வரைக்கும் பொறுக்கிவிட்டு, பெல்ட்டே சுத்தம் என்று சத்தியம் பண்ணுவாள். பொய் சொல்கிறாள் என்று யாரும் சொல்ல முடியாது.

"சாப்பிடு" என்று மட்டும் சொல்லித் தன் ரொட்டியைப் பிய்த்து அவள் கையில் வைத்தாள். வேறென்ன சொல்வது? ஐயாவுக்குத் தலையில் ஏதோ ஆகிவிட்டது என்று சொன்னால், மழை விடுவதற்குள் மேடு முழுக்கத் தெரிந்துவிடும், சாயங்காலத்துக்குள் கீழே பெரிய சாலைக்கு இறங்கிவிடும். மூளை கலங்கினவன் திருத்தின புத்தகம் என்பார்கள். எப்போதிருந்து கலங்கியது என்று கேட்பார்கள். மூன்று வாரமா, இருபது வருடமா என்று யார் பிரித்துச் சொல்வது? அந்த எழுத்து தெரிந்த வேறொரு ஆள் இந்த மேட்டில் கிடையாது.

சொல்லாவிட்டாலோ, அவர் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார், லாரிகள் இறங்குகிற சாலையில்.

அன்றைக்கே தம்பியைத் தேடிப் போனாள். அவன் ஜல்லி லாரி ஓட்டுகிறவன். சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்தவனிடம் குனிந்து விஷயத்தைச் சொன்னாள். அவன் அடியிலிருந்தபடியே சிரித்தான். "மச்சான் பாதிதான் மிச்சம் வெக்கிறாரா? என் வீட்டுச் சமையலுக்கு நான் முழுத்தட்டையும் வெப்பேன். எனக்கென்ன வியாதிக்கா?" அவள் சிரிக்காமல் நின்றதைப் பார்த்து வெளியே வந்தான். கையைத் துடைத்துக்கொண்டு, முந்தாநாள் எதிரே வந்த மச்சான் ஹாரன் அடித்தும் விலகவே இல்லை என்றும், தான்தான் லாரியைப் பள்ளத்தில் இறக்கினதாகவும், ஏதோ வேத யோசனையில் போகிறார் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் முகமும் மாறியது.

"இருபது வருஷம் படிச்ச மனுஷனுக்கு மறுபாதி மனப்பாடமாத் தெரியாதா?" என்றான்.

அதுதான் அவளுக்கும் விளங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போனால் தெரியவில்லை என்று சொல்லலாம். இவருக்குத் தெரியவில்லை என்பதே தெரியவில்லை. இருந்தது என்ற ஞாபகத்தைக்கூட அச்சடித்தவன்மேல் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலையில் பேசிப் பார்த்தாள். மோட்டார் சைக்கிள் சாவியை முதலிலேயே மாவு டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்து, இடது பாதி காலியாக இருக்கிறது பாருங்கள் என்றாள். அவர் பார்த்தார். பொறுமையாகப் பார்த்தார்.

"எங்க காலி? ஓரம் வரைக்கும் எழுதியிருக்கேன்."

"கையை வெச்சுக் காட்டறேன். இங்க."

அவள் கை வெள்ளைத் தாளின் மேல் இருந்தது. அவர் கண் அவள் கைவரைக்கும் வரவில்லை. பாதியில் நின்று திரும்பிப் போனது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோங்க. தலையில அடிபட்டதுல ஏதோ ஆயிருக்கு."

"எனக்கு ஒண்ணும் ஆகல. உனக்குத்தான் என்னமோ ஆயிருக்கு." குரல் உயரவில்லை. "வாசிக்கத் தெரியாத புத்தகத்துல வந்து எனக்குக் குறை காட்டறியா?"

இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அவள் பாத்திரம் கழுவப் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தம் போதுமானதாக இருந்தது.

தம்பியும் மத்தியானம் வந்து ஏதேதோ சாக்குச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் தன் நண்பன் ஒருவன் சீக்காகக் கிடக்கிறான், ஜெபம் பண்ண வரவேண்டும் என்றான். திங்கட்கிழமை வருகிறேன் என்றார் போதகர். நாளைக்குத் துளைக்காரருக்குப் பிடித்த சங்கீதத்தை எடுத்துப் பேசப்போகிறேன், அதை முடிக்காமல் எங்கேயும் இறங்க மாட்டேன் என்றார். பேசும்போது தம்பி அவருக்கு இடப்பக்கம் நின்றான். அவர் எதிர்ச்சுவரைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து தம்பி, "கட்டித் தூக்கிட்டுப் போகவாக்கா?" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பாறையில் துளை போட்டு இறுகின உடம்பைக் கட்டித் தூக்க நாலு பேர் வேண்டும், மேடே பார்க்கும் என்றாள் அவள். நாளைக் காலையில் லாரியைச் சபை வாசலில் கீழ்நோக்கி நிறுத்தி வை என்றும் சொன்னாள். எதற்கு என்று அவளுக்கே அப்போது முழுதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு, தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சபை நிறைந்திருந்தது. மூப்பர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் குவாரியின் வெடிக்காரர். முப்பது வருடம் மருந்து வைத்து வைத்துக் காது பாதி அடைத்துப்போனதால், அவர் ரகசியம் பேசினாலே மேடு முழுக்கக் கேட்கும். பெண்கள் பக்கத்தில் துளைக்காரரின் மனைவி புத்தகத்தை மடியில் மூடி வைத்திருந்தாள். பென்சில் கொண்டுவந்திருந்தாள்.

போதகர் எபிரெயப் புத்தகத்தை மரத்தாங்கியில் விரித்தார். குரல் நன்றாகத்தான் இருந்தது. எபிரெயத்தில் ஒரு வரியை வாசித்தார். அவர் வாசித்தால் கல் உருளுகிற மாதிரி இருக்கும், பொருள் தெரியாதவனும் கேட்பான். அப்புறம் நம் பேச்சில் சொன்னார்: நல்லவனுக்கு வருகிற கஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை. அவ்வளவுதான் என்றார். அதோடு முடிந்தது என்றார். இன்றைக்குச் சங்கீதம் முழுவதையும் அப்படியே முடித்துவிடுவோம், பென்சிலை எடுங்கள் என்றார்.

போதகரம்மா எழுந்தாள்.

எழுந்தபோது என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்திருக்கவில்லை. கால்கள் நடந்தன. படி ஏறி அவருக்கு இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றாள். சபை முழுக்கப் பார்த்தது. அவர் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். அவள் இன்னும் நெருங்கி, அவர் தோளுக்குப் பக்கத்தில், மூச்சு படுகிற தூரத்தில் நின்றாள். அவர் திரும்பவில்லை. ஒரு நிமிடம் அப்படியே போனது. முன்வரிசையில் ஒரு குழந்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியது. யாரும் பென்சிலை அசைக்கவில்லை. பகல் வெளிச்சத்தில், கட்டின பெண்டாட்டி பக்கத்தில் நிற்கிறாள், புருஷனுக்கு அவள் இல்லை. செத்தவர்களைப் பார்த்துப் பழகிய ஜனம் அது. ஆனாலும் அதைப் பார்த்து நடுங்கியது.

அவள் மரத்தாங்கியின் ஓரத்தைப் பிடித்து, புத்தகத்தோடு சேர்த்து வலப்பக்கமாகத் தள்ளினாள். தரையில் கரகரவென்று இழுபட்டது. ஒரு முழம் தள்ளி நிறுத்தினாள்.

போதகர் பேச்சை நிறுத்தினார். புத்தகத்தைப் பார்த்தார். அவர் விரல் வரியின்மேல் போனது, சந்தைத் தாண்டியது, இன்னும் போனது. எபிரெயத்தில் வாசித்தார். சத்தம் வரவில்லை. மறுபடி வாசித்தார். நம் பேச்சில் சொல்லாமல் அப்படியே நின்றார்.

"சொல்லுங்க" என்றாள் அவள். "என்ன போட்டிருக்கு?"

அவர் குரல் வந்த பக்கம் புரியாமல் வலப்பக்கம் தேடினார். பிறகு சொன்னார். "அத்தனையிலயும் இருந்து... தூக்கிவிடுவார்."

அவள் தாங்கியைப் பழைய இடத்துக்கு இழுத்தாள்.

"இப்ப?"

"இப்ப இல்ல." அவர் முகம் சாம்பலானது. "போயிடுச்சு. இங்கதான இருந்தது?"

மூப்பருக்கு இதில் ஒன்றும் கேட்கவில்லை. "ஐயா என்ன சொல்றாரு? அடிக்கணுமா, வேண்டாமா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அந்தக் கேள்வி கூரையில் மோதியது.

போதகர் இரண்டு கையாலும் தாங்கியைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். வலக்கை பிடித்தது. இடக்கை பிடிக்காமல் பக்கத்தில் தொங்கியது. "மூணு வாரமா அடிக்கச் சொன்னேனே" என்றார். "அது எல்லாம் மூலத்துல இருக்கு. இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியல. நான் பாக்காததை, இல்லைன்னு உங்ககிட்ட சொல்லிட்டேன்." நெற்றியைத் துடைத்தார். "அழிச்சிடுங்க. அடிச்ச கோட்டை அழிச்சிடுங்க."

மூப்பருக்கு அது கேட்டது. எழுந்து நின்று தன் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தார். "பென்சில்தான ஐயா. அடியில எழுத்து அப்படியே தெரியுது" என்றார், ஒரு பள்ளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சொல்கிறவர் போல.

துளைக்காரரின் மனைவி புத்தகத்தைத் திறக்கவில்லை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறாள் என்று பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்கவில்லை.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. தம்பி வந்து மச்சானின் கக்கத்தில் கை கொடுத்தான். அவர் மறுக்கவில்லை. படி இறங்கும்போது இடதுகால் படியை விட்டு வெளியே போனது. நாலு பேர் தாங்கிப் பிடித்தார்கள். லாரியில் ஏற்றி, அவரை நடுவில் உட்கார வைத்து, அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். இரண்டு மணி நேரம் சேறும் பள்ளமுமான சாலை. வழியெல்லாம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், நாலைந்து தடவை: நாம் எங்கே போகிறோம்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். டாக்டர் இளவயதுப் பெண். படத்தை வெளிச்சத்தில் வைத்து, மண்டையோட்டுக்குள் வலப்பக்கம் பிறைபோல இருந்த கறுப்பைக் காட்டினாள். அடிபட்ட அன்றிலிருந்து உள்ளே சொட்டுச் சொட்டாக ரத்தம் சேர்ந்து மூளையை அழுத்துகிறது என்றாள். அந்த அழுத்தத்தில் இடப்பக்க உலகம் போய்விடும், போனது ஆளுக்கே தெரியாது, இல்லாததற்கு அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொள்வார் என்றாள். ஓட்டில் இரண்டு துளை போட்டு வடிக்க வேண்டும். இன்றைக்கே. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பேச வேண்டிய தேவை இருந்திருக்காது. பிழைப்பாரா என்று கேட்டதற்கு, பிழைக்க வைக்கத்தான் செய்கிறோம், எல்லாரும் பிழைத்ததில்லை என்றாள். நேராகப் பேசுகிற பெண்.

தலையை மழித்து வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். அவள் உள்ளே போனபோது தம்பி பக்கத்தில் நின்று ஏதாவது பேசவேண்டுமே என்று பேசிக்கொண்டிருந்தான்.

"துளைதான் போடறாங்களாம் மச்சான். உங்களுக்குத் தெரியாத வேலையா?"

"எத்தனை அங்குலத்துல போடறாங்கன்னு கேட்டியா?" என்றார் போதகர். "ஆழம் போயிட்டா அந்தப் பக்கம் பிளந்துக்கும்."

தம்பி சிரிக்க ஆரம்பித்து, முடியாமல் வெளியே போனான்.

அவள் கட்டிலின் இடப்பக்கம் நின்று அவர் கையைப் பிடித்தாள். அந்தக் கை சும்மா கிடந்தது. பிடித்தது அவருக்குத் தெரியவில்லை. அவர் கூரையைப் பார்த்துப் பேசினார்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"மூணு வாரத்துது தெரிஞ்சிடுச்சு. அதுக்கு முன்னாடி இருபது வருஷம் அடிச்சது? அதுல எது சரி, எது நான் பாக்காம விட்டது?"

அதையெல்லாம் நீங்கள் சரியாகத்தான் செய்தீர்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. தெரியாததைச் சொல்லி ஒரு சபையே பட்ட பாட்டைக் காலையில்தான் பார்த்திருந்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க. எனக்கு அந்த எழுத்து வராது. நீங்கதான் வந்து ஒவ்வொரு வீட்டுப் புத்தகமா உக்காந்து பாக்கணும்."

"வரலைன்னா?"

அவர் உதடு நடுங்கியது. அவள் அதைப் பார்த்தாள். இந்த ஐந்து நாளும், மனுஷனுக்குக் கொஞ்சம் பயம் வரக்கூடாதா, வந்தால் ஆஸ்பத்திரிக்கு வருவாரே என்று ஏங்கியிருந்தாள். இப்போது வந்துவிட்டது. மேல்தட்டு சரிந்து தொங்கும்போது அடியில் போய் நின்று துளை போட்ட ஆள், பயந்துபோய்ப் படுத்திருந்தார். அவளுக்குத் தன் பயத்தை வைக்க இடமில்லாமல் போனது.

பதில் சொல்வதற்குள் இரண்டு ஆட்கள் வந்து கட்டிலின் சக்கரப் பூட்டை எடுத்துத் தள்ள ஆரம்பித்தார்கள். நீளமான தாழ்வாரம். அவள் இடப்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவர் கண்கள் வலப்பக்கச் சுவரில் தேடிக்கொண்டே போயின. கதவு, விளக்கு, கதவு, தண்ணீர்க் குழாய்.

"போயிட்டியா?" என்றார்.

அவள் கம்பியை விட்டாள். கட்டிலுக்குப் பின்னால் சுற்றி, வலப்பக்கம் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடத்தில் உடம்பை நுழைத்துக்கொண்டாள். தள்ளுகிறவர், இடிபடுவீர்கள் அம்மா, அந்தப் பக்கம் வாருங்கள் என்றார். இடுப்பு சுவரில் உரசியது. தோள் ஒரு கதவுப் பிடியில் அடிபட்டது. அவள் முகத்தை அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து வைத்துக்கொண்டு, நகர முடியாது என்று தள்ளுகிறவரிடம் சொன்னாள்.

கடைசிக் கதவுவரைக்கும் அப்படியே போனாள்.